சாட்சிப் பொருள்

டிசம்பர் பதினொன்று.
தோத்தோனிகபான் மேட்டில் உறைபனி;
மிதித்தால் புல் கண்ணாடிபோல் நொறுங்கியது.
காவல் முறை எங்கள் வீட்டுக்கு.
அண்ணனுக்குக் காய்ச்சல், அதனால் நான்.
இதற்குச் சம்பளம் கிடையாது.
ஒரு விசில், ஒரு கம்பு,
நனைந்தால் ஆளைவிடக் கனக்கும் கம்பளி,
பையில் வனத்துறைப் பெண் தந்துவிட்டுப் போன
பறவைக் கணக்குப் படிவம்.

இரவு இரண்டரைக்கு ஒரு பிக்கப் இறங்கிவந்தது,
விளக்கை அணைத்துக்கொண்டு,
சொந்த வீட்டில் திருடுகிறவன் நடையில்.
பின்னால் தார்ப்பாய்.
நாங்கள் அதைத் தூக்குமுன்பே
பிசின் வாசனை எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டது:
பதினேழு பினபேத்தே மரங்கள்.
தலைநகரத்து வரவேற்பறைகளில்
இரண்டு வாரம் விளக்குச் சரம் சுமந்துவிட்டு
குப்பை வண்டிக்குப் போக வேண்டியவை.

ஓட்டிவந்தவன் செலெஸ்தினோ புவாக்.
என் சித்தியின் மருமகன்.
மகனை வடக்கே எல்லை கடத்திவிட்டவன்
மாதாமாதம் வட்டிக்கு வந்து நிற்கிறான்.
செலெஸ்தினோ அதைச் சொல்லவில்லை.
ஊருக்கே தெரிந்ததை
ஊராரிடம் எதற்குச் சொல்ல?
பன்க்ராசியோ பாட்ஸ் மூன்று தடவை விசில் ஊதினான்,
கண்ணை மூடிக்கொண்டு.

மரங்களைக் காவல் குடிசையின் சுவரில் சாய்த்து
ஒவ்வொன்றின் கழுத்திலும் எண் கட்டினோம்.
சாட்சிப் பொருள் ஒன்று முதல் பதினேழு வரை.
நீதிபதி ஒன்பது மணிக்குத்தான் வருவார்.
செலெஸ்தினோவுக்கும் காபி கொடுத்தோம்.
சர்க்கரை போதவில்லை என்றான்.

விடிந்தும் விடியாமல் அது வந்தது.

பத்து கிராம் இருக்குமா?
உடம்பெல்லாம் ரத்தச் சிவப்பு,
தலை மட்டும் வெளிறிய ரோஜா நிறம்:
அணையப்போகும் தணலின் மேல்
யாரோ சாம்பலை ஊதிவிட்டதுபோல.
இளஞ்சிவப்புத் தலைக் கதிர்க்குருவி.
எங்கள் மேடுகளும் சியாபாசின் மலைகளும்
போக, உலகத்தில் வேறெங்கும் அதற்கு வீடில்லை.
படிவத்தில் பெயருக்கு நேரே அச்சிட்டிருந்தார்கள்:
அழிவாய்ப்பு இனம்.
அழிவுக்கு ஒரு வாய்ப்பு என்றா,
ஒரு வாய்ப்பு இன்னும் மிச்சம் என்றா?
கேட்பதற்கு அந்தப் பெண்ணின் தொலைபேசி எண்
மேட்டில் எடுக்காது.

அது ஏழாம் எண் மரத்தில் உட்கார்ந்தது.
உச்சியிலிருந்து தொடங்கி, கிளை கிளையாக,
கடன் வசூலிப்பவனின் பொறுமையோடு
ஊசியிலைகளை விலக்கிப் பார்த்தது.
புழு கிடைத்தது. இன்னொன்றும் கிடைத்தது.
மரம் செத்த செய்தி
புழுக்களுக்கும் போய்ச் சேரவில்லை.
எண் எழுதிய அட்டையை ஒருமுறை கொத்தியது,
ருசியில்லை,
எட்டாம் எண்ணுக்குத் தாவியது.

நாங்கள் மூவரும் மூச்சை அடக்கியிருந்தோம்.
செலெஸ்தினோவின் கோப்பையில் மட்டும் ஆவி.
"இதையும் எழுதுவீங்களா?" என்றான்
உதடு மட்டும் அசைய.

எழுதினேன்.
எத்தனை: 1.
உடனே சரிவிலிருந்து இன்னொன்று, சீ சீ என்று,
ஒன்றை அடித்து 2 ஆக்கினேன்.
உயரம்: தரையிலிருந்து ஒன்றரை மீட்டர்.
மர வகை: பினபேத்தே.
மரத்தின் நிலை:

பென்சில் நின்றது.
நிற்கிறது என்றால் பொய்.
விழுந்தது என்றாலும் பொய்.
சுவரில் சாய்ந்திருக்கும் ஒன்றில்
இரண்டு உயிர் காலை உணவு தின்கின்றன
என்று எழுத அந்தக் கட்டத்தில் இடமில்லை.
பன்க்ராசியோவைப் பார்த்தேன்.
அவன் செலெஸ்தினோவைப் பார்த்தான்.
செலெஸ்தினோ மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்,
முதல்முறையாகப் பார்ப்பவனைப் போல
என்று சொல்ல ஆசைதான்;
உண்மையில், விலை கணக்கிடுபவனைப் போலத்தான்.

அந்தக் கட்டத்தை விட்டு அடுத்ததற்குப் போனேன்.
காற்று: இல்லை.